நெருப்பருகே திறக்கும் தட்டு

என் வீட்டுக்காரர் தம்பிராஜா பேராதனைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை பார்ப்பவர். மரமஞ்சள் இலையைப் பறித்து வந்து, ஸ்பிரிட்டில் கழுவி, நறுக்கிக் கண்ணாடித் தட்டுகளில் வைப்பார். இலைக்குள்ளே ஒரு பூஞ்சணம் குடியிருக்குமாம். அது வெளியே வந்து வளர்ந்தால் சுற்றிவரக் கிருமி அண்டாதாம். அதிலிருந்து புண்ணுக்கு மருந்து எடுக்க அங்குள்ள சிங்கள மிஸ் பாடுபட்டு வந்தார். ஆண்டவன் எதை எங்கே வைத்திருக்கிறான், பாருங்கள்.

கண்டியில் புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகையில் புலிகளின் குண்டு வெடித்த மாதம் அது. தமிழர் வீடெல்லாம் சோதனை போட்டார்கள். ஆய்வுகூடத்தைப் பூட்டிவிட்டார்கள். தினமும் பார்க்கவேண்டிய தட்டுகளை மிஸ் இவரிடம் கொடுத்தார். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் இவர் அவற்றை அடுக்கினார்.

"என்னாங்க, முருகனுக்குப் பக்கத்துல பூஞ்சணமா?"

"பின்ன, நீ கருவாடு வதக்குற எடத்துலயா வைக்கிறது? வீட்டுல சுத்தமான எடம் இதுதான்."

மறுநாள் விடியும்போதே ஆமிக்காரர்கள் வந்தார்கள். அலுமாரியைக் கொட்டினார்கள். பிறகு ஒருவன் மாடத்தைப் பார்த்தான். டேப் சுற்றி ஒட்டிய தட்டுகள், உள்ளே வெள்ளையாய்ப் பொங்கிய ஏதோ ஒன்று.

"என்ன இது?" என்று சிங்களத்தில் அதட்டினான்.

"மருந்து, மஹத்தயா," என்று இவரும் சிங்களத்திலேயே சொன்னார்.

"திற!"

ஆய்வுகூடத்தில் காற்றுக் கிருமி விழாதிருக்க, சுடருக்குப் பக்கத்தில்தான் தட்டைத் திறப்பார்கள். பழகிய கை. முதலில் தீக்குச்சியை உரசிவிட்டது.

துப்பாக்கிகள் இவர் நெஞ்சுக்கு நிமிர்ந்தன. "ஐயோ, பூஞ்சணந்தாங்க அது!" என்று நான் கத்தினேன். தமிழைக் கேட்டதும் அவர்கள் இன்னும் மிரண்டார்கள். இவர் அசையவில்லை. குச்சி விரலைச் சுட்டு அணைந்தது.

இவரை ஜீப்பில் ஏற்றினார்கள். தட்டுகளைத் தொட அவர்களுக்குப் பயம். இவர் மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

நான் முருகா, முருகா என்று பஸ் பிடித்து, கெலிஓயாவில் மிஸ் வீட்டுக்கு ஓடினேன். கொண்டுபோனவர்கள் திரும்பாத வீடுகள் எத்தனையோ எனக்குத் தெரியும். மிஸ், வீட்டுக்குள் போடும் செருப்போடு அப்படியே புறப்பட்டு வந்தார். முகாமில் பொழுது சாயும்வரை இவருக்காகப் பேசினார். விட்டார்கள்.

முகாமில் தட்டுகளையெல்லாம் திறந்து, விரல் விட்டுக் கிளறியிருந்தார்கள். ஒன்றும் தேறாது. மிஸ் அவற்றைப் பார்க்கவில்லை. இவருடைய சுட்ட விரலைத்தான் பார்த்தார்.

ஆய்வுகூடம் திறந்ததும் இவர் மறுபடி இலை பறிக்கப் போனார். ஆனால் தட்டைத் திறக்கக் குச்சி உரசுமுன் கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொள்கிறாராம். மிஸ் சொல்லித்தான் எனக்கே தெரியும்.