மாடிக் கூட்டமும் வேங்கிக்கால் கூட்டமும்

சிகிச்சை முடிந்து நான் லாட்ஜுக்குத் திரும்பியபோது முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. கவுண்டரில் உட்காரச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். உட்காரத்தான் முடியவில்லை. நாற்காலியில் சாய்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் வாசலுக்குப் போகத் தோன்றும், வாசலுக்குப் போனால் திரும்பத் தோன்றும்.

நான் அந்த லாட்ஜின் மேனேஜர். கோபுரத்திலிருந்து நடந்து வரும் தூரம். பௌர்ணமிக்கு ஓர் அறைகூட மிஞ்சாது. மற்ற நாட்களில் கல்யாணத்துக்கு வருகிறவர்கள், கோர்ட்டுக்கு வருகிறவர்கள், கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க வருகிறவர்கள். காலி செய்து போகிறவர்கள் சீப்பை விட்டுப் போவார்கள், திருநீற்றுப் பொட்டலத்தை விட்டுப் போவார்கள், கட்டிலுக்கு அடியில் பாதி பாட்டிலையும் விட்டுப் போவார்கள். அறை கூட்டும் அம்மா அதையெல்லாம் கொண்டுவந்து என் மேசைக்குக் கீழே வைப்பது பல வருஷத்துப் பழக்கம். நான் குடித்ததில் பெரும்பங்கு அப்படி வந்ததுதான். திரும்பி வந்த முதல் நாளும் அவர் வழக்கம்போல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். அவர் பாட்டிலை எடுத்துப் போய் சாக்கடையில் கவிழ்த்தார்.

அன்று மாலை கூட்டத்துக்குப் போனேன். சிகிச்சை மையத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒரு டியூஷன் சென்டரின் மாடி, பிளாஸ்டிக் நாற்காலிகள், பலகையில் யாரோ பாதி அழித்த கணக்கு. குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் வாரத்தில் ஒரு மாலை அங்கே கூடுகிறார்கள். அங்கே கேட்டது வெளியே போகக் கூடாது, யார் பெயரும் வெளியே போகக் கூடாது என்பது விதி. அதனால்தான் இதில் யாருக்கும் பெயர் இல்லை.

அங்கே இரண்டு பேர் முக்கியம். ஒருவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாய். தாத்தா காலத்திலிருந்து கடைத்தெருவில் இருக்கும் குடும்பம். குடித்த காலத்தில் அவருக்கு இரட்டைக் கஷ்டம். மற்றவர்கள் குடித்தால் குடிகாரன் என்பார்கள், அவர் குடித்தால் அதற்கு மேலேயும் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து வேலூர் வரை பஸ் ஏறிப் போய்க் குடித்துவிட்டு வந்த மனுஷர். இப்போது நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. எப்படி நிறுத்தினார் என்று கேட்டால், கூட்டத்துக்கு வந்தேன், டீ குடித்தேன், வீட்டுக்குப் போனேன் என்பார். அவரிடம் வேறு உபதேசம் கிடையாது.

இன்னொருவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் டிரைவர். அடி அண்ணாமலையில் நிலம் உள்ள குடும்பம். நான் அண்ணன் என்றே கூப்பிட்டேன். அவருக்குப் பன்னிரண்டு படிகள்தான் எல்லாம். குடியிடம் தோற்றுவிட்டேன் என்று ஒப்புக்கொள்வதில் தொடங்கி, நம்மைவிடப் பெரிய சக்தியிடம் நம்மை ஒப்படைப்பது, செய்த கெடுதல்களை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்வது, காயப்பட்டவர்களைத் தேடிப் போய்ச் சரிசெய்வது என்று அது போகும். வரிசை மாறக் கூடாது, ஒன்றைத் தாண்டக் கூடாது என்பார் அவர். படி ஏறாமல் கூட்டத்தில் வந்து குந்தியிருப்பவன் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துகொண்டு ஊருக்குப் போகிறேன் என்று சொல்பவன் மாதிரி என்றும் சொல்வார். பாய் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே டீ ஊற்றுவார்.

நான் டிரைவர் அண்ணனைத்தான் வழிகாட்டியாக வைத்துக்கொண்டேன். பாயின் வழியில் எனக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. கை சும்மா இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. யாராவது வேலை கொடுக்க வேண்டும், இதைச் செய், அடுத்து அதைச் செய் என்று துரத்த வேண்டும். அண்ணன் துரத்தினார். மனசில் இருப்பதையெல்லாம் எழுதச் சொன்னார். உட்கார்ந்து எழுத முடியவில்லை என்றேன். அப்படியானால் நடந்துகொண்டே சொல் என்றார். கண்டிப்பான மனுஷர் அதற்கு எப்படி ஒத்துக்கொண்டார் என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான்.

காலையில் பஸ்ஸை எடுப்பதற்கு முன்னால் கிரிவலப் பாதையில் என்னோடு நடந்தார். அப்பா மேல் எனக்கிருந்த கோபம், கூடப் பிறந்தவர்கள் மேல் இருந்த பொறாமை, யாரிடமும் சொல்லாத அசிங்கம் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் குறுக்கே பேசவே இல்லை. முடித்தபோது, "அவ்ளோதானா?" என்றார். அவ்வளவுதான் என்றேன். "இதுக்கா இத்தினி வருசம் குடிச்ச," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். அன்று மட்டும் லாட்ஜ் நாற்காலியில் மத்தியானம் வரை என்னால் உட்கார முடிந்தது.

ஆனால் அது தங்கவில்லை. பெரிய சக்தியிடம் ஒப்படை என்ற படியை வாயளவில் சொல்லித் தாண்டியிருந்தேன், அதுதான் இப்போது எனக்குத் தட்டியது. மலையைப் பார்த்துக் கும்பிடாத ஆள் எங்கள் ஊரில் கம்மி. நானும் கும்பிடுவேன், கை கூடும், மனசு வேறெங்கோ போகும். அண்ணன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நான் எதையோ ஒளிக்கிறேன் என்றார். பாயிடம் சொன்னபோது, அது உனக்கும் ஆண்டவனுக்கும் உள்ள விஷயம், இன்றைக்குக் குடித்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் போய்ச் சாப்பிடு என்றார். ஒருவர் சொன்னது பத்தவில்லை, இன்னொருவர் சொன்னது தாங்கவில்லை.

பிறகு மாத்திரைச் சண்டை வந்தது. டாக்டர் எனக்குப் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மாத்திரை கொடுத்திருந்தார். கூட்டத்தில் ஒருநாள் அதை நான் சொல்லிவிட்டேன். மாத்திரை போட்டுக்கொண்டு குடியை விட்டேன் என்பது ஒரு சாராயத்தை விட்டு இன்னொரு சாராயத்தைப் பிடிப்பது என்றார் அண்ணன். பாய் அன்றுதான் முதல்முறையாகக் குரல் உயர்த்தினார். டாக்டர் வேலையை டாக்டர் பார்க்கட்டும், நாம் இங்கே அதற்கு வரவில்லை என்றார். அன்றே கூட்டம் இரண்டானது. அண்ணன் வேங்கிக்காலில், புதிதாகக் கட்டிய வீடுகளுக்கு நடுவே, நண்பர் ஒருவரின் கீழ்ப்போர்ஷனில் தனிக் கூட்டம் ஆரம்பித்தார். அங்கே டீ இல்லை. வாசிப்பு, படி, கேள்வி, வீட்டுக்கு. நான் மாடிக்கும் போனேன், வேங்கிக்காலுக்கும் போனேன். இரண்டு பேரும் அதைக் கவனித்தார்கள், இரண்டு பேரும் கேட்கவில்லை.

அண்ணன் என்னைப் படிகளில் மேலே கொண்டு போனார். மனைவியிடம் போய்ப் பேச வேண்டிய கட்டம் வந்தது. என் மனைவி இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறாள், நாள் முழுக்கப் பிறர் புலம்பலைக் கேட்கிறவள். சமையலறையில் நின்று நான் ஆரம்பித்ததும் அவள் வெங்காயத்தை நறுக்குவதை நிறுத்தவில்லை.

"மன்னிப்பெல்லாம் எனக்கு வேணாங்க. மாத்திரையைப் போடுங்க, அது போதும்," என்றாள்.

நான் அதற்கு முந்தைய வாரமே மாத்திரையை நிறுத்தியிருந்தேன். அவளிடம் சொல்லவில்லை. அண்ணனிடம் சொன்னபோது, இப்போதுதான் நீ உண்மையாக நிற்கிறாய் என்றார். அந்த வார்த்தைக்கு நான் அவ்வளவு ஏங்கியிருந்தேன்.

அடுத்த பௌர்ணமிக்குள் என் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. கால் தானாக ஆடியது. தூக்கம் துண்டு துண்டாக வந்தது. லாட்ஜின் மாடிப்படிகளில் காரணமில்லாமல் ஏறி இறங்கினேன். பௌர்ணமியன்று மத்தியானம், கிரிவலத்துக்கு வந்த கூட்டம் வரவேற்பறையில் பைகளோடு நின்றுகொண்டிருந்தது. அறை கூட்டும் அம்மா லீவு. இரண்டாம் மாடியில் காலியான ஓர் அறையை நானே பார்க்கப் போனேன். ஜன்னல் திட்டின் மேல் ஒரு பாட்டில், முக்கால் நிறைந்தது, மூடி போட்டிருந்தது. கதவைச் சாத்தினேன். கட்டிலில் உட்கார்ந்து அதைக் கையில் எடுத்தேன். வேடிக்கை என்னவென்றால், அதைப் பிடித்ததும் கால் ஆடுவது நின்றது.

அண்ணனுக்கு போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. பாய்க்குப் போட்டேன். கடையில் கூட்டம், பின்னால் யாரோ பைப் அளவு கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார். எங்கே இருக்கிறாய் என்று மட்டும் கேட்டார். ரூம் நம்பரைச் சொன்னேன். வந்தார். அந்தக் கூட்டத்தில் ஸ்கூட்டரை எங்கே விட்டார், எப்படி வந்தார் தெரியாது, சட்டை முழுக்க வியர்வை. என் கையிலிருந்து பாட்டிலை வாங்கி பாத்ரூமில் ஊற்றினார். தண்ணீர் விட்டுக் கழுவினார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாத்திரைய நிறுத்திட்டியா?"

"ஆமா பாய்."

"டாக்டரு சொன்னாரா?"

"இல்ல."

யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. தெரிந்திருக்கும். கீழே ஜனங்கள் பெல் அடித்துக்கொண்டிருந்தார்கள். நீ இங்கேயே படு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இறங்கிப் போனார். அன்று சாயங்காலம் வரை பாய்தான் கவுண்டரில் இருந்தார். ஆம்பூரிலிருந்து வந்த குடும்பத்துக்கும் சேலத்திலிருந்து வந்த குடும்பத்துக்கும் அவர் சாவியை மாற்றிக் கொடுத்துவிட, இரண்டு குடும்பமும் வராந்தாவில் ஒருவர் பையை ஒருவர் தள்ளிக்கொண்டு சத்தம் போட்டது எனக்கு மேலே கேட்டது. பாய் எல்லாரிடமும் சாரி சொல்லி, எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துச் சமாளித்தார். பாய் போனில் சொல்லியிருந்ததால் மனைவி வேலை முடிந்து வந்து என்னை நேரே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

அண்ணன் ஏன் போன் எடுக்கவில்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. குடித்திருந்தார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு. பள்ளிக்கூடம் லீவு, பஸ் ஓட்டவில்லை. வீட்டில் சண்டை எதுவும் இல்லை, நிலத்தில் தகராறு எதுவும் இல்லை. காரணம் தேடிய எல்லாருக்கும் ஏமாற்றம்தான்.

பாயும் நானும் அடி அண்ணாமலைக்குப் போனோம். எனக்குள் கோபம் கொதித்தது. எனக்குச் சாராயம் என்று மாத்திரையைப் பிடுங்கியவர் நிஜச் சாராயத்தைக் குடித்துக் கிடக்கிறார் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். பாய், "வண்டிய பாத்து ஓட்டு," என்றார். அண்ணன் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். குளித்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. அவர் மனைவி எங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாடிக்கு வா, சும்மா ஒரு நாற்காலியில் உட்கார், பேசக்கூட வேண்டாம் என்று பாய் கூப்பிட்டார். அண்ணன் மாட்டேன் என்று தலையாட்டினார்.

"சும்மா குந்திக்கினு இருந்தா எனக்கு ஆவாது பாய். மொதல் படிலேர்ந்து திரும்ப ஆரம்பிக்கணும்."

பிறகு என்னைப் பார்த்தார்.

"மாத்திரை விசயத்துல நான் சொன்னது தப்பு தம்பி. அது எனக்குத் தெரியாத விசயம். ஆனா மத்த எதுவும் தப்பு இல்ல."

அவர் உடைந்து போயிருப்பார், என் வழி தோற்றது என்று சொல்வார் என்று நான் எதிர்பார்த்து வந்திருந்தேன். அவர் சொல்லவில்லை. அது எனக்கு ஏமாற்றமாகவும் இருந்தது, கொஞ்சம் தெம்பாகவும் இருந்தது. திரும்பும்போது கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அந்த வாரமே அண்ணன் இன்னொன்று செய்தார். பள்ளிக்கூட நிர்வாகத்திடம் போய், லீவு நாளில் குடித்தேன், எனக்கு இந்த வியாதி உண்டு என்று தானாகவே சொன்னார். அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை, தெரியவும் வாய்ப்பில்லை. அவரை பஸ்ஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். பாய்க்கு அது பொறுக்கவில்லை. "பஸ்ஸு ஓட்டும்போது குடிக்கல. சொல்லாம இருந்தா யாருக்கு நஷ்டம்?" என்று என்னிடம் கேட்டார். பிள்ளைகள் ஏறும் வண்டியாயிற்றே என்றேன். ஆமாம் என்றார். ஆனாலும் என்றார். எனக்கும் அந்த ஆனாலும் இருக்கிறது. அண்ணன் இப்போது சொந்த நிலத்திலும் பிறர் நிலத்திலும் டிராக்டர் ஓட்டுகிறார். வேங்கிக்கால் கூட்டம் நடக்கிறது. அங்கே இப்போதும் டீ கிடையாது. யாராவது மாத்திரை என்று ஆரம்பித்தால் மட்டும், "டாக்டரக் கேளு," என்று முடித்துவிடுகிறார்.

லாட்ஜ் வேலையை விடு என்று அண்ணன் முதலிலிருந்தே சொல்லிவந்தார். இருக்கிற வேலையை விடாதே என்று பாய். நான் விடவில்லை. விட்டிருக்க வேண்டுமோ என்று ஒவ்வொரு பௌர்ணமிக்கும் தோன்றுகிறது. காலியான அறைகளை நான் தனியாகப் போய்ப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். மாத்திரை தொடர்கிறது. கால் ஆடுவது கம்மியாகியிருக்கிறது, நிற்கவில்லை. இரண்டு கூட்டத்துக்கும் போகிறேன். ஒன்றில் இருக்கும்போது மற்றொன்றில் என்ன பேசுவார்கள் என்று யோசனை ஓடும்.

போன மாதம் அண்ணனுக்குத் தன் தவறுகளை வாய்விட்டுச் சொல்லும் படி மறுபடி வந்தது. கேட்க ஆள் வேண்டும். வேங்கிக்காலில் இருப்பவர்கள் எல்லாம் அவர் கையைப் பிடித்து வந்தவர்கள். அவர் நேரே பாயிடம் போனார். படிகளில் ஒன்றைக்கூட முறையாகச் செய்யாத பாயிடம். பாய் முதலில் மாட்டேன் என்றிருக்கிறார், தனக்கு அது தெரியாது என்றிருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்றாராம் அண்ணன். கடைக்குப் பின்னால் உள்ள குடோனில், பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே, மத்தியானம் முழுக்க ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக் கேட்டிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து லாட்ஜுக்குக் குழாய் வாங்க நான் கடைக்குப் போனேன். அண்ணன் என்ன சொன்னார் என்று பாய் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் எப்போதும் ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் மனுஷர் அன்று கல்லாவுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஆணி டப்பாவைத் திறந்தார், மூடினார்.

"நீ அவருகிட்ட சொன்னியே, மலை சுத்திக்கினு. சொல்லி முடிச்சப்ப எப்படி இருந்துச்சு?" என்றார்.

பயமாக இருந்தது, பிறகு பசித்தது என்றேன். குழாயைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தவர், கடைக்குள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, வேலூருக்கு பஸ் ஏறிப் போன காலத்தைப் பற்றி யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது என்றார்.