அந்தப் பக்கத்து இலைகள்

காம்பவுண்டு சுவரில் ஏற்றிவிட எந்தக் கொடி நல்லது என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இப்போது எல்லாருக்கும் இந்தக் கிறுக்கு பிடித்திருக்கிறது. வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டுமாம், இலை கொட்டக் கூடாதாம், கொத்துக் கொத்தாகப் பூக்க வேண்டுமாம், தண்ணீரும் அதிகம் கேட்கக் கூடாதாம். மருமகள் தேடுகிற மாதிரிதான் தேடுகிறார்கள். அப்படி ஒரு கொடி இருக்கத்தான் செய்கிறது. ரங்கூன் மல்லி. சுண்ணாம்பு மண்ணிலும் வரும், உப்புத் தண்ணீர் ஊற்றினாலும் வரும். தெரிந்தும் நான் யாருக்கும் சொல்வதில்லை.

நான் நான்காவது படித்தபோது எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவில் சுவர் எழும்பியது. அதற்கு முன்பு இரண்டு வீட்டுக்கும் ஒரே கொல்லைதான். காட்டில் இருந்த பொது போர்வெல்லில் யார் முறைக்கு யார் மோட்டார் போட்டது என்று அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சு வந்து, பேச்சு கைகலப்பாகி, கடைசியில் ஹாலோபிளாக் கல் இறங்கிவிட்டது. பெரியப்பா சுவர் எழுப்பினார். உச்சியில் கண்ணாடிச் சில்லுப் பதித்தது அப்பா. அந்த ஒரு வேலையை மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து செய்தார்கள் என்று சொல்லலாம்.

இதில் மாட்டிக்கொண்டது அம்மாவும் பெரியம்மாவும்தான். அவர்கள் கூடப்பிறந்தவர்கள். மீன்சுருட்டியில் ஒரே வயிற்றில் பிறந்து, அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே கொல்லைக்கு வந்தவர்கள். அக்காளையும் தங்கையையும் ஒரே வீட்டில் கொடுத்தால் சண்டை வராது என்று பெரியவர்கள் கணக்குப் போட்டார்களாம். அந்தக் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அந்த இரண்டு பேருக்குள் கடைசிவரை சண்டையே வரவில்லை.

சுவர் வந்த அன்று அப்பா அம்மாவைக் கூப்பிட்டு நிதானமாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"அந்த வூட்டுப் படி ஏறுனீன்னா, அப்படியே உங்க ஊருக்கு பஸ் ஏறிடு. இங்க வராத."

அம்மா பஸ் ஏறவில்லை. படியும் ஏறவில்லை. வீட்டில் இருந்த ஒரே செல்போன் அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது. ரேஷன் கடை வரிசையில் அக்காளும் தங்கையும் முன்னும் பின்னுமாக நின்றாலும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பேசினால் அதை அப்பாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்க ஊரில் ஆளா இல்லை.

அந்த வருஷம் மீன்சுருட்டியில் ஒரு வளைகாப்புக்குப் போன அம்மா, பிறந்த வீட்டு மதிலில் இருந்து ரங்கூன் மல்லித் தண்டு நான்கைந்து ஒடித்து ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். அப்பாவுக்குக் காகிதப்பூ வைக்க ஆசை. முள் இருக்கும், எவனும் ஏறிக் குதிக்க மாட்டான் என்றார். அம்மா ரோட்டைக் காட்டினாள். எங்கள் ஊர் வழியாக நாள் முழுக்கச் சுண்ணாம்புக்கல் லாரி போகும். சோற்றுப் பானையிலிருந்து சாமி படம்வரைக்கும் வெள்ளையாகத் தூசி உட்கார்ந்திருக்கும். இந்தக் கொடி இலை கொட்டாது, தழைத்துவிட்டால் தூசியைத் தடுக்கும் என்று அம்மா சொன்னதும் அப்பா சரி என்றார். தனக்கு உபயோகம் என்றால் அப்பா எதற்கும் சரி என்பார்.

துணி துவைக்கிற கல்லை ஒட்டிக் குழி எடுத்து, மக்கின சாணி போட்டு, தண்டை நட்டு, சணல் கயிறு கட்டி ஏற்றிவிட்டாள். பாத்திரம் கழுவின தண்ணீரெல்லாம் அதற்குத்தான். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அது சுவரை மூடி, கண்ணாடிச் சில்லை மூடி, அந்தப் பக்கமும் இறங்கிவிட்டது. எங்கள் பக்கம் மாட்டுக் கொட்டகையின் நிழல். வெயில் முழுக்க அந்தப் பக்கம். அதனால் எங்கள் பக்கம் வெறும் இலை, பூவெல்லாம் பெரியப்பா வீட்டுக்கு. சாயங்காலம் வெள்ளையாக விரிந்து, மறுநாள் ரோஸாகி, அப்புறம் சிவப்பாகிற அந்தப் பூவைப் பெரியம்மா வீட்டு அக்கா கொத்தாகத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வருவாள். எனக்கு வயிறு பற்றி எரியும்.

அப்பாவுக்கும் அதே எரிச்சல். தண்ணீர் ஊற்றுவது நாம், பூப் பறிப்பது அவர்களா என்று குதிப்பார். நான் அப்பா கட்சி. அம்மாவைப் போல ஒரு மக்கு உலகத்தில் உண்டா என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த மக்கு தினமும் காலையில் துவைக்கிற கல்மேல் ஏறி நின்று, ஒரு குவளைத் தண்ணீரைச் சிறுகச் சிறுகத் தெளித்து இலைகளைக் கழுவும். தூசி படிந்தால் கொடி மூச்சு முட்டிப்போகும் என்று அம்மா சொல்வாள். ஒருநாள் நானும் கல்மேல் ஏறி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். ஊரே வெள்ளை பூசிக்கொண்டு நிற்கிறது, அந்தப் பக்கத்து இலைகள் மட்டும் பளபளவென்று இருந்தன. யாரோ அவற்றையும் கழுவியிருந்தார்கள். நம் கொடியை அவர்கள் சொந்தம் கொண்டாடப் பார்க்கிறார்கள் என்று ஓடிப்போய் அம்மாவிடம் கோள் சொன்னேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு, "அவ சின்னதுலேருந்தே தூசி பொறுக்க மாட்டா" என்றாள். சுவர் வந்ததிலிருந்து அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அடுத்த வருஷம் கோடையில் அம்மா கல்மேல் ஏறி நின்றபடி குவளையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அசையாமல் இருந்தாள். மறுநாளும் அப்படியே. நான் ஏறிப் பார்த்தேன். அந்தப் பக்கத்து இலைகள் எல்லாம் தூசி பிடித்து வெளுத்துக் கிடந்தன. தொலைந்தது சனியன், இனி நம் கொடி நமக்கு என்றுதான் எனக்குத் தோன்றியது. அம்மா சாப்பிடவில்லை. சாயங்காலம் அப்பா கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும் பக்கத்தில் போய் நின்றாள்.

"எலையெல்லாம் வெள்ளையாவே கெடக்குதுங்க. அவளுக்கு முடியல போலருக்கு. ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

"எலையப் பாத்து சோசியம் சொல்றியா நீ?" என்றார் அப்பா. நான் சிரித்தேன். அப்பா நன்றாகப் பேசுவார் என்று எனக்கு எப்போதும் பெருமை.

அதற்கப்புறம் அம்மா செய்ததுதான் வேடிக்கை. காலையில் குடம் குடமாகத் தண்ணீரைத் தூக்கிக் கல்மேல் ஏறி, சுவருக்கு அந்தப் பக்கம் ஊற்ற ஆரம்பித்தாள். கொடிக்குள் கையை விட்டு விட்டு எடுத்ததில் கண்ணாடிச் சில்லு முழங்கை வரைக்கும் கீறிவிட்டது. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டு யாராவது வருவார்கள் என்று நின்றுகொண்டே இருப்பாள். யாரும் வரவில்லை. குடிக்கிற தண்ணீரை வீணாக்குகிறாள் என்று நான் நினைத்தேன். அப்பா நினைத்ததைச் சொல்லவே சொன்னார். பைத்தியம் என்று பெயரும் வைத்தார்.

பெரியம்மாவுக்கு மஞ்சள் காமாலை. பெரியப்பா வேரும் தழையும் அரைத்துக் கொடுத்துப் பார்த்துவிட்டு, கண்ணெல்லாம் மஞ்சளானபின் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனாராம். ஒரு மத்தியானம் ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டதும் அம்மா அடுப்பில் இருந்த உலையை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். அப்பா அவளுக்கு முன்னால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பங்காளி வீட்டுச் சாவுக்குப் போகாவிட்டால் ஊர் சிரிக்கும். உயிரோடு இருந்தவளைப் பார்க்கத்தான் அனுமதி இல்லை. பிணத்தைப் பார்க்க அப்பாவே கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே அண்ணனும் தம்பியும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுததை ஊர் இன்றும் சொல்லும். அண்ணன் தம்பி என்றால் இப்படி இருக்கணும் என்று வந்தவர்கள் எல்லாம் அப்பாவைப் பாராட்டினார்கள். அம்மா பெரியம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவே இல்லை. கல் மனசுக்காரி என்று அவளைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள்.

கருமாதிக்குப் பந்தல் போட இடம் பற்றவில்லை. சுவரை எடுத்துவிடலாம் என்று பெரியப்பா சொன்னார், அதுதான் சரி என்றார் அப்பா. ஒரு காலைப்பொழுதுக்குள் ஜேசிபி வந்து சுவரையும் கொடியையும் சேர்த்து வாரி ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனது. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். வேர் அறுந்து கிடந்த கொடியில் அன்றைக்கும் மொட்டுகள் வெள்ளையாக விரிந்திருந்தன. லாரி போகப் போகத் தூசி விழுந்துகொண்டிருந்தது.

எனக்கு அந்தக் கோடை லீவு போல இன்னொரு லீவு வாய்க்கவில்லை. கொல்லை மறுபடி ஒன்றாகிவிட்டது. அக்காவோடும் பெரியப்பா வீட்டு அண்ணன்களோடும் இருட்டும்வரை ஆட்டம். அப்பாவும் பெரியப்பாவும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். எல்லாரும் அங்கும் இங்கும் போய் வந்தோம். அம்மா மட்டும் சுவர் இருந்த தடத்தைத் தாண்டவில்லை. அந்த வீட்டுக்குக் குழம்பு கொடுத்துவிட்டு வா என்று அப்பாவே சொல்வார். அம்மா கிண்ணத்தை என்னிடம் நீட்டுவாள்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. இப்போதுதான் சுவரே இல்லையே, அப்பாவும் ஒன்றும் சொல்வதில்லையே, அங்கே வருவதற்கென்ன என்று கேட்டேன்.

அம்மா பாத்திரம் கழுவின தண்ணீரைத் துவைக்கிற கல்லோரம், கொடி இருந்த குழியில் ஊற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

"அங்க யாரு இருக்கா?"

இதுகூடத் தெரியாதா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பெரியப்பா, பெரிய அண்ணன், சின்ன அண்ணன், அக்கா, போன வாரம் பிறந்த கன்றுக்குட்டி என்று விரல் மடக்கி ஒவ்வொருவராகச் சொன்னேன். அம்மா கடைசிவரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றாள்.