திண்டுக்கல்லில் நான் மணப்பெண்ணான கதை

திண்டுக்கல்லுக்கு இரண்டு நாள் போதுமா, பெண்கள் தனியாகப் போகலாமா என்று கேட்டு இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். போதும், போகலாம். ஆனால் நான் போன இரண்டு நாளை வைத்து அந்த ஊரை எடைபோட வேண்டாம். எதற்காகப் போகிறோம் என்பதே எனக்கு அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. கீழே வரும் நேரமும் கட்டணமும் 2005இல் கைப்பை நோட்டில் அப்போதைக்கப்போது குறித்துக்கொண்டவை. மூன்று வருடமாகிறது, இப்போது ஏறியிருக்கும்.

நானும் ஜெசிந்தாவும் பாளையங்கோட்டையில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். நான் கணக்கு டீச்சர், அவள் அறிவியல். ஒன்பது வருடமாக ஒரே வாடகை வீடு. எனக்கு அப்போது முப்பத்தெட்டு, அவளுக்கு முப்பத்தாறு. இருவருக்கும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. வீட்டில் பேசுவது நான், கேட்பது அவள். அப்படிப்பட்டவள் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "வடிவக்கா, வெள்ளியும் சனியும் லீவுதான? திண்டுக்கல் போயிட்டு வருவமா?" என்றாள்.

"அங்க என்னட்டி இருக்கு?"

"மலைக்கோட்டை இருக்கு. பிரியாணி இருக்கு. சிறுமலை இருக்கு."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மதுரையைத் தாண்டினாலே வடநாடு. திருச்செந்தூருக்குக் கூப்பிட்டாலே தலைவலி என்பவள் வடக்கே போவோம் என்றதும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இருந்தாலும் உல்லாசப் பயணம் என்று யாராவது கூப்பிட்டால் ஏன் எதற்கு என்று கேட்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. பையை எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை 5.50க்குத் திருநெல்வேலியில் பஸ் ஏறினோம். மதுரை மாட்டுத்தாவணிக்கு 48 ரூபாய், நாலு மணி நேரம். கவனிக்க: திண்டுக்கல் பஸ் மாட்டுத்தாவணியில் இல்லை, ஆரப்பாளையத்தில். டவுன் பஸ்ஸில் நாலு ரூபாய் கொடுத்து அங்கே போய், வேறு பஸ் பிடிக்க வேண்டும். அங்கிருந்து 65 கிலோமீட்டர், 19 ரூபாய், ஒன்றரை மணி நேரம். பகல் 12.20க்கு இறங்கிவிட்டோம். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் இரட்டைக் கட்டில் அறை 250 ரூபாய். மேனேஜர் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "ஆம்பளையாளு பின்னால வாராகளா?" என்று கேட்டார். வரவில்லை என்றதும், சாவியைக் கொடுப்பதா வேண்டாமா என்று செத்த நேரம் யோசித்துவிட்டுக் கொடுத்தார்.

இன்னொரு கூத்து. பிரியாணி ஊருக்கு நாங்கள் போய் இறங்கியது வெள்ளிக்கிழமை. நானும் வெள்ளி கவிச்சி தொடமாட்டேன், அவளும் தொடமாட்டாள். ஊரெல்லாம் சீரகச் சம்பா வாசம், நாங்கள் இருவரும் தயிர் சாதம்.

சாப்பிட்டதும் கோட்டை என்று நினைத்திருந்தேன். ஜெசிந்தா நேராக ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய், "நாகல் நகர்" என்றாள். இருபத்தைந்து ரூபாய் கேட்டார், பேரம் பேசாமல் ஏறிவிட்டாள். காய்கறிக்காரியிடம் அரை மணி நேரம் நிற்பவள் இவள்.

"நாகல் நகர்ல யாரு வீட்டுக்கு?" என்றார் ஆட்டோக்காரர்.

"சும்மாதான், சுத்திப் பாக்க" என்றாள்.

"சும்மா சுத்திப் பாக்க ஒருத்தரும் அங்க வரமாட்டாகளேம்மா."

அவர் சொன்னது சரிதான். கடைகள், அதற்குப் பின்னால் தெருத்தெருவாக வீடுகள், அவ்வளவுதான். பயணக் கட்டுரை படிப்பவர்களுக்கு அங்கே பார்க்க ஒன்றுமில்லை. ஜெசிந்தாவோ அருங்காட்சியகத்தில் நடப்பதுபோல் ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். குழாயடியைப் பார்த்தாள், மளிகைக்கடையைப் பார்த்தாள். பூட்டிக் கிடந்த ஒரு பச்சைக் கேட்டு வீட்டுக்கு எதிரே வந்ததும் நின்றேவிட்டாள். வெயிலில் எனக்குத் தலை சுற்றியது. "வீட்டப் பாக்கவா இருநூறு கிலோமீட்டர் வந்தோம்?" என்றேன். அவள் கேட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டிலிருந்து ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா வெளியே வந்தார். சவேரியம்மா என்று பிறகு பெயர் தெரிந்தது. "அவுக கடைக்குப் போயிட்டாக. அவுக ஆத்தா மார்க்கெட்டுக்குப் போயிருக்கு. திருநெல்வேலியில இருந்தா வாரீக?" என்றார்.

"ஆமா" என்றாள் ஜெசிந்தா.

அவ்வளவுதான். சவேரியம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. கையைப் பிடித்து உள்ளே இழுக்காத குறை. ஜெசிந்தாவுக்கு மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு, "சிஸ்டரம்மா, நீங்க இதுல ஒக்காருங்க" என்றார். என்னைப் பார்த்து, "நீ உள்ள வாத்தா" என்று அடுக்களைக்குக் கூட்டிப் போனார். அவளுக்கு நாற்காலி, எனக்கு அடுக்களையா என்று எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

"ரசம் வச்சாச்சு, வெஞ்சனமும் ஆச்சு. சாப்ட்டுத்தான் போகணும்" என்று வாணலியில் இருந்த அவரைக்காயைக் கிளறினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்ல காரியம் பண்ணுன. ஆம்பளைங்க வந்து ஒரு மணி நேரம் விசாரிச்சிட்டுப் போனா எல்லாம் தெரிஞ்சிருமா? பொண்ணு வந்து பாக்கணும்" என்றார்.

"எந்தப் பொண்ணு?" என்றேன்.

"அட, வெக்கப்படாத. நாயித்துக்கெழம மொத ஓலை வாசிக்கப் போறாக, இனி என்ன வெக்கம்?"

ஓலை என்றால் என்னவென்று ஜெசிந்தாவோடு இருந்த பழக்கத்தில் எனக்குத் தெரியும். கத்தோலிக்கர் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மணமக்கள் பெயரை வாசித்து, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பார்கள். ஆனால் அதை எனக்கு எதற்கு வாசிக்கிறார்கள்? முழித்துக்கொண்டு நின்றேன். அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார்.

"மாப்ள ஆரோக்கியத்தச் சொல்லக் குத்தமில்ல. உரக்கடையே கதின்னு கெடப்பாரு. குடி இல்ல, சீட்டு இல்ல. மொதச் சம்சாரம் ரெண்டு வருசம் படுக்கையில கெடந்துச்சு, அம்புட்டும் அவருதான் கையால பாத்தாரு. அது போயி நாலு வருசமாச்சு. புள்ளகுட்டி இல்ல. ஒரே ஒரு கொறைதான்த்தா, வாயத் தொறக்க மாட்டாரு. எதுக்கும் ஒரு 'ம்'. நடமாடுன காலத்துல அந்தப் புள்ள பேச்சுக்கு ஆளில்லாம இந்த அடுப்படிக்கு வந்து ஒக்காந்திருக்கும். அத மட்டும் நெனச்சுக்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண் நானில்லை, வெளியே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவள். எங்கள் பக்கம் பொட்டில்லாத நெற்றியைப் பார்த்ததும் கிறிஸ்தவப் பெண் என்று முடிவு கட்டிவிடுவோம். இங்கே கத்தோலிக்கப் பெண்களும் பொட்டும் பூவுமாகவே கோயிலுக்குப் போகிறார்கள். பஸ் நிலையத்தில் மல்லிகை மலிவு என்று இரண்டு முழம் வாங்கி வைத்திருந்த நான் மணப்பெண். வெறும் நெற்றியும் வெளிர் வாயில் துணிச் சேலையுமாக வந்த ஜெசிந்தா, பெண்ணுக்குத் துணையாக வந்த மடத்துக் கன்னியாஸ்திரி!

சிரித்திருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. ஒன்பது வருடம் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறோம், அவள் கல்யாணத்தை எனக்கு நாகல் நகரில் முன்பின் தெரியாத அம்மா சொல்கிறார்.

மாலை நாலு மணிக்குக் கோட்டை ஏறினோம். நுழைவுக் கட்டணம் ஐந்து ரூபாய், நிதானமாக ஏறினால் இருபத்தைந்து நிமிடம். பாறையில் வெட்டிய படிகள், மழை நாளில் வழுக்கும். மேலே காற்று ஆளைத் தள்ளுகிறது. ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் காய்ந்த சமவெளி, தெற்கே சிறுமலை. தண்ணீர் பாட்டில் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே உட்கார்ந்துதான் அவள் வாயைத் திறந்தாள்.

"அண்ணன் வந்து பாத்துட்டு நல்ல இடம்னு சொல்லிட்டான். அவரும் நானும் போட்டோவுலகூடப் பாத்துக்கல. எனக்கு மனசு ஒப்பல, வேண்டாம்னும் சொல்ல வரல. நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள அண்ணனுக்குப் போன் பண்ணணும். ஓலை வாசிச்ச பெறகு நின்னா ஊருக்கே பேச்சாயிரும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க ஒரு முடிவு சொல்லிருவிய. அப்புறம் அது உங்க முடிவா எம் முடிவான்னு எனக்கே தெரியாது." பிறகு கேட்டாள். "அந்த அம்மா அடுக்களையில என்ன சொன்னாவ?"

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறைக்கவில்லை. "ஆளு வாயே தொறக்க மாட்டாராம். மொதப் பொண்டாட்டி பேச ஆளில்லாம பக்கத்து வீட்டு அடுப்படியிலயே கெடந்தாளாம். வேற ஒண்ணும் சொல்லல" என்றேன். குடியில்லை என்றதையும், படுக்கையில் கிடந்தவளைக் கையால் பார்த்தார் என்றதையும் முழுங்கிவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அந்த நிமிடம் எனக்கே தெரியவில்லை. ஜெசிந்தா சரியென்று தலையை ஆட்டிவிட்டுச் சமவெளியைப் பார்த்தாள்.

சனிக்கிழமை சிறுமலை போவதாக இருந்தது. 25 கிலோமீட்டர், கொண்டை ஊசி வளைவுகள், பஸ் எண்ணி நாலைந்துதான். காலை பஸ்ஸைத் தவறவிட்டால் அந்த நாள் போச்சு. நாங்கள் தவறவிட்டோம். ஜெசிந்தா மெதுவாகத்தான் குளித்தாள். பிறகு, "கடையை ஒரு தடவ பாத்துட்டுப் போயிருவோம்" என்றாள். வேண்டாம் என்று சொல்லத்தான் போகிறாள், பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்று நானும் கிளம்பினேன்.

உரக்கடையில் மருந்து நெடி மூக்கைத் துளைத்தது. ஆரோக்கியம் நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று வயதிருக்கும், ஒல்லியான ஆள். குஜிலியம்பாறைப் பக்கத்து விவசாயி ஒருவர் மஞ்சள் பூத்த கடலைச் செடியை மேஜைமேல் போட்டுவிட்டு, செடியில் ஆரம்பித்து, மழையில்லாதது, மகன் திருப்பூருக்குப் போனது, மருமகள் சண்டை என்று பேசிக்கொண்டே இருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், பதினெட்டு நிமிடம். ஆரோக்கியம் செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஆனால் விவசாயி சொன்ன ஒரு வார்த்தையையும் விடாமல் கேட்டார். கடைசியில், "மருந்து வேணாம்ணே. மழ பெஞ்சா சரியாயிரும்" என்றார். வந்தவர் ஒன்றும் வாங்காமல் சந்தோஷமாகப் போனார்.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். எனக்குப் பதற்றம் வந்தால் வாய் நிற்காது. மாடித் தோட்டம், பாளையங்கோட்டை வெயில், தொட்டி மண் என்று என்னென்னவோ உளறினேன். ஜெசிந்தா, "கத்திரி விதை கொஞ்சம். ரெண்டு தொட்டிக்கு" என்றாள். ஒரு சிட்டிகை விதையைக் காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தார். எவ்வளவு என்று கேட்டதற்குக் கையை மட்டும் ஆட்டினார், காசு வேண்டாமாம். என் முகத்தை அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. சரியான ஊமைக்கோட்டான் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

பகல் ஒன்றரைக்கு ஒருவழியாகப் பிரியாணி. அரை பிளேட் 45 ரூபாய். காரம் தூக்கல், சிறு துண்டுக் கறி, சீரகச் சம்பா பொலபொலவென்று இருந்தது. நன்றாக இருந்தது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு ருசி தெரியவில்லை. கை கழுவிவிட்டு அவள் எதிரே எஸ்.டி.டி. பூத்துக்குள் போனாள். கண்ணாடிக் கதவு, உதடு அசைவது மட்டும் தெரிந்தது. பதினோரு ரூபாய் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

"சரின்னு சொல்லிட்டேன்" என்றாள்.

நடுரோடு என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். "பேசவே மாட்டாருன்னு சொன்னேனேட்டி!"

"அதுக்காகத்தான் சொன்னேன். ஒம்பது வருசமா நீங்க பேசுதிய, நான் கேக்கேன். எனக்கும் பேச எம்புட்டோ கெடக்குக்கா. அந்தக் கடலைச்செடிச் சம்சாரி பேசுனப்ப அந்த மனுசன் எப்படிக் கேட்டாருன்னு பாத்தியளா?"

நான் அவளைப் பேசவே விடவில்லை என்பது எனக்கு அதுவரை தெரியாது. பிடிக்கக்கூடாது என்று எதைச் சொன்னேனோ, அதையே பிடித்துக்கொண்டு போய்விட்டாள். 3.15 மதுரை பஸ்ஸில் உட்கார்ந்ததும், முழுங்கிய மீதியையும் சொன்னேன். குடியில்லை, இரண்டு வருடம் கையால் பார்த்தார், எல்லாம்.

"அத ஏன் நேத்தே சொல்லல?"

நான் கைப்பை நோட்டை எடுத்து டிக்கெட் காசைக் குறித்தேன். கொடைரோடு தாண்டியும் கணக்கே எழுதிக்கொண்டிருந்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை, என் மடியில் இருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை விரதக்காரர்கள் சனியும் ஞாயிறுமாகப் போங்கள். கோட்டைக்கு மாலை நாலு மணி சரியான நேரம். சிறுமலைக்கு முதல் பஸ் நேரத்தை முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு, லாட்ஜ் சேர்த்து, எங்களுக்கு 740 ரூபாய் ஆனது. திண்டுக்கல்காரர்களின் சந்தேகத்துக்குப் பயப்பட வேண்டாம், சோறு போட்டுவிட்டுத்தான் சந்தேகப்படுவார்கள். சவேரியம்மா பேச்சை நம்பி, கடையில் என்னைத்தான் பெண் என்று நினைத்து அன்று முழுக்கக் கலங்கிப்போயிருந்ததாக ஆரோக்கியமே கல்யாணத்தன்று என்னிடம் சொன்னார். அவரிடமிருந்து நான் கேட்ட மிக நீளமான பேச்சு அதுதான்.

ஊர் திரும்பிய மறுநாள் ஞாயிறு. ஜெசிந்தா கூப்பிடவில்லை, நானாகத்தான் அவளோடு கோயிலுக்குப் போனேன். அதுவரை உள்ளே போனதில்லை, கடைசி வரிசையில் தூணோரம் நின்றேன். பூசை முடியும் நேரத்தில் சாமியார் இரண்டு பெயரையும் வாசித்தார். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்றார். யாரும் அசையவில்லை. முன்வரிசையில் இருந்த ஜெசிந்தா மட்டும் முக்காட்டை விலக்கித் திரும்பி, அத்தனை தலைகளுக்கு நடுவே என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள்.

வாயைத் திறக்காமல், இல்லை என்று தலையை ஆட்டினேன்.