ஏணியைப் பிடிக்க ஓர் ஆள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எங்கள் பராமரிப்புப் பிரிவில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தொழிற்சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கியதே அதற்காகத்தான். எங்கள் தலைவர் தங்கமான மனிதர். எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரி லேசாக இருமினால்கூடத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார். பேச்சுவார்த்தைக்குப் போகும்போது பல்லைக் கடிக்க ஒருத்தி வேண்டும் என்று என்னையும் கூடவே அனுப்பினார்கள்.

புதுச்சேரியில் ஓர் அரசு நிறுவனத்தில் நான் பம்ப் ஆபரேட்டர். அலுவலகம், அதை ஒட்டி ஊழியர் குடியிருப்பு. இரண்டுக்கும் தண்ணீர், கரண்ட், அடைப்பு, கசிவு எல்லாம் எங்கள் தலையில்தான். எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை நாங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது. குழாயைத் திறந்து வெறும் காற்று வந்தால் மட்டும் எங்கள் ஞாபகம் வரும்.

அந்த முறை புது ஒப்பந்தத்தில் மற்றதெல்லாம் பேசி முடித்துவிட்டோம். ஒரே ஒரு கோரிக்கை மட்டும் இழுபறியாக நின்றது. மொட்டை மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு யாரையும் தனியாக ஏற்றக் கூடாது. ஏணியைப் பிடிக்கக் கீழே இன்னோர் ஆள் நிற்க வேண்டும். இவ்வளவுதான். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். எதிரே இருந்த பர்சனல் மேனேஜருக்கு மட்டும் புரியவில்லை.

இந்தக் கோரிக்கை எங்கள் பிளம்பரால் வந்தது. தம்பி என்றுதான் அவனைக் கூப்பிடுவேன். அரியாங்குப்பத்திலிருந்து பாலம் தாண்டி வண்டியில் வருவான். அதிகம் பேச மாட்டான். அதற்கு முந்தைய கோடையில் அவனைத் தனியாகத் தொட்டிக்கு அனுப்பினார்கள். ஏணி சரிந்து விழுந்துவிட்டான். போன் கீழே சாப்பாட்டுப் பையில் இருந்தது. மாடியில் கத்தினால் யாருக்குக் கேட்கும்? தொட்டி ஏன் இன்னும் நிரம்பவில்லை என்று திட்டிக்கொண்டே சாயங்காலம் நான் மாடிக்குப் போனேன். வெயிலில் காய்ந்த தளத்தில் கால் ஒரு பக்கம் திரும்பிக் கிடந்தான். உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "தண்ணி இருக்காக்கா?" அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

தொடை எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். நொண்டிக்கொண்டு அவன் வேலைக்குத் திரும்பிய அன்று அவன் பெயருக்கு ஒரு மெமோ காத்திருந்தது. ஏணியைச் சரியாக நிறுத்தாதது ஏன்? மேலே ஏறுவதை முன்கூட்டியே தெரிவிக்காதது ஏன்? அலுவலக ஏணிக்கு ஏற்பட்ட சேதத்துக்கு விளக்கம் என்ன? இப்படி வரிசையாகக் கேள்விகள். கீழே கையெழுத்து, இதே பர்சனல் மேனேஜர்.

"அவங்க ஏணிக்குக் கால் ஒடிஞ்சிடுச்சாம், விளக்கம் வேணுமாம்" என்று நான் சங்க அறையில் கத்தியது வெளியே சாலைவரை கேட்டதாகச் சொன்னார்கள். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

கடைசிச் சுற்றுப் பேச்சுவார்த்தைக்கு அவனையும் கூட்டிப் போனேன். வேண்டாம் என்றான். "நீ ஒண்ணும் பேச வேணாம். வந்து ஒக்காரு, போதும். அந்தாளு ஒம் மூஞ்சியப் பாத்துக்கினு பேசட்டும்" என்றேன்.

மேனேஜர் நாற்காலியில் வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. அவருக்கும் அவருடைய ஆட்களுக்கும் பீங்கான் கோப்பையில் டீ, எங்களுக்குப் பேப்பர் கப்பில். இதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் பார்ப்பேன், கோபம் ஆறிவிடக் கூடாது என்பதற்காக.

மேனேஜர் பெரிய மனது வைத்து ஒரு யோசனை சொன்னார். "ரெண்டு பேரு போகணும்ங்கறத ஒத்துக்கறேம்மா. முன்னாடி 'ஆள் இருந்தால்'னு ஒரு வார்த்தை போட்டுக்கலாம்."

"ஆள் எப்ப சார் இருந்துது? அன்னைக்கும் ஆள் இல்லன்னுதான் இவன ஒண்டியா அனுப்புனீங்க."

"எல்லாத்துக்கும் கோவப்பட்டா எப்படிம்மா? எத்தினியோ வருசமா ஒருத்தர்தான் ஏறிக்கிட்டிருக்காரு. ஒரு தடவ விழுந்ததுக்கு சட்டமே போடணுமா?"

தலைவர் மேசைக்கு அடியில் என் கையைத் தட்டினார். "கொஞ்சம் விட்டுக் குடுத்துப் போவோம்மா" என்று முணுமுணுத்தார். விட்டுக் கொடுத்துக் கொடுத்துத்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறோம் என்று அவர் காதைக் கடித்தேன்.

அந்த நேரம் பார்த்து மேனேஜரின் உதவியாளர் உள்ளே வந்தார். கட்டடத்தில் எங்குமே தண்ணீர் வரவில்லை. டெல்லியிலிருந்து வந்திருந்த மேலதிகாரி கை கழுவப் போய்ச் சோப்பு நுரையோடு நிற்கிறார். தொட்டிக்குள் மிதக்கும் பந்து எங்காவது சிக்கிக்கொண்டால் தண்ணீர் ஏறாது. ஏறி அதை விடுவித்தால் சரியாகிவிடும். மேனேஜர் எங்கள் பக்கம் திரும்பி, "அதான் நம்ம பிளம்பரே இங்க இருக்காரே" என்றார், ஏதோ விருந்துக்கு வந்த இடத்தில் ஒரு கை கொடுக்கச் சொல்வது போல.

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி எழுந்துவிட்டான். எங்கள் ஆட்களிடம் இருக்கிற பெரிய வியாதி இது. தண்ணீர் வரவில்லை என்று காதில் விழுந்தால் போதும், கால் தானாக எழுந்துகொள்ளும். "ஒக்காருடா!" என்று அதட்டினேன். "பாத்துட்டு வந்துடறேங்க்கா" என்று நொண்டிக்கொண்டு போய்விட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த பேப்பர் கப் நசுங்கி டீ புடவையில் கொட்டியது. எதற்காக இத்தனை நாள் தொண்டை கிழியப் பேசுகிறோமோ, அதையே அவன் நடுவில் எழுந்து போய்க் காலில் போட்டு மிதிக்கிறானே என்று இருந்தது. பின்னாலேயே ஓடியிருப்பேன். பேச்சை முறித்துக்கொண்டு எழுந்ததாக எழுதிவிடுவார்கள் என்று தலைவர் என் கையை விடவில்லை.

நேரம் போயிற்று. தண்ணீர் வரவில்லை. உதவியாளர் மறுபடி வந்து எட்டிப் பார்த்தார். நான் வாசற்கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் தம்பிக்கு போன் போட்டார். நல்லவேளை, இந்த முறை போன் அவன் சட்டைப் பையில் இருந்தது. ஸ்பீக்கரில் அவன் குரல் கேட்டது.

"ஏணிகிட்டதான் நிக்கறேன் சார். புடிக்க ஆளு வரட்டும்னு."

டீ கொட்டிய ஈரத்தைத் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

மேனேஜர் ஆள் தேடினார். எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் சாப்பாட்டு நேரத்தில் வாசலில் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். உதவியாளர் சாப்பாடு வாங்கப் போய்விட்டார். அவர் பக்கம் உட்கார்ந்திருந்த அதிகாரிகள் அவசரமாகப் பைலைப் புரட்ட ஆரம்பித்தார்கள். தலைவர் எழப் போனார். இந்த முறை நான் அவர் கையை விடவில்லை. "ஏம்மா, நீ போய்ப் புடியேன்" என்றார் மேனேஜர். "நான் பேச்சுவார்த்தையில இருக்கேன் சார்" என்றேன்.

"எல்லாம் திமிரு" என்று சொல்லிவிட்டு அவரே மாடிக்குக் கிளம்பினார், தம்பியைத் திட்டுவதற்கு. நானும் பின்னாலேயே போய் மாடிக் கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வெயில் கொளுத்தியது. தம்பி ஏணிக்குப் பக்கத்தில், கொஞ்சம் நிழல் விழும் இடத்தில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். மேனேஜரைப் பார்த்ததும் எழுந்தான். அவர் கத்தி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டான். அவன் முகத்தில் நக்கல் துளிகூட இல்லை.

"நீங்க வந்துட்டீங்கல்ல சார், ஆளாயிடுச்சி. இப்டி ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிங்க. நான் ஏறிடறேன்."

டெல்லிக்காரர் கீழே நுரையோடு நிற்கிறார். வேறு வழியில்லை. மேனேஜர் பிடித்தார். பிளேட் வைத்த காலை ஒவ்வொரு படியாக இழுத்து வைத்துத் தம்பி ஏறினான். அவன் ஏற ஏற ஏணி ஆடியது. "மெதுவா, மெதுவாய்யா, பாத்து!" என்று அவர் அலறினார். அவருடைய விரல் முட்டிகள் வெளுத்திருந்ததை நான் பார்த்தேன். துருவும் வேர்வையும் சேர்ந்து இஸ்திரி போட்ட சட்டையெல்லாம் பாழ். இந்த மனிதனுக்கு இனிமேலாவது புரியும் என்று ஒரு நொடி நம்பிவிட்டேன்.

நம்பியது என் முட்டாள்தனம். தண்ணீர் வந்தது. முகம் கழுவினார், துண்டு விரித்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். தம்பியும் நானும் எதிரே உட்கார்ந்தோம். "சரி, எங்க விட்டோம்? ஆள் இருந்தால்..." என்று ஆரம்பித்தார்!

என் காதில் புகை வந்திருக்கும். மேசையை ஓங்கி அறைந்தேன். என்ன சொல்லித் திட்டினேன் என்று இப்போது நினைவில்லை. கூட்டத்தின் மினிட்ஸிலும் அதை எழுதவில்லை. தலைவர்கூட என்னைத் தடுக்கவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில் தம்பி பேசினான். அந்த மேசையில் அவன் பேசியது அதுதான் முதல் முறை.

"எழுதிக்குங்க சார், 'ஆள் இருந்தால்'னே எழுதிக்குங்க. அதுக்குக் கீழ ஒரு வரி சேத்துக்குங்க. ஆள் இல்லன்னா மேனேஜர் வந்து ஏணியப் புடிப்பாருன்னு. இன்னிக்கி நல்லாத்தான் புடிச்சீங்க."

தலைவர் சிரித்துவிட்டார். மேனேஜர் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். மேனேஜர் சிவந்த முகத்தோடு பேனாவை எடுத்து அந்த வார்த்தையை அடித்தார். காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடித்தார். தனியாக ஏற்றக் கூடாது. ஏணியைப் பிடிக்க ஓர் ஆள் நிற்க வேண்டும். அவ்வளவுதான் மிச்சம்.

டைப் அடித்து வரும்வரை எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். வாசலில் எங்கள் ஆட்களின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. மேனேஜர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுவியும் துருக்கறை போகவில்லை. பிறகு தம்பியைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அன்னைக்கு வுழுந்தப்ப... மேல ரொம்ப நேரம் கெடந்தியாப்பா?"

தம்பி அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"மெமோல அத நீங்க கேக்கலியே சார்" என்றான்.

கையெழுத்துப் போட்டோம். வாசலில் வெடி வெடித்தார்கள், லட்டு கொடுத்தார்கள். என் லட்டைப் பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்துவிட்டேன். ஒப்பந்தம் வந்தும் அந்த மெமோவை இன்றுவரை யாரும் திரும்பப் பெறவில்லை.