குண்டூசியைப் பிடுங்கினவன்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க, இந்த ஃபேன் சத்தத்தில் கேட்காது. பழைய காகிதங்களைப் பாதுகாக்கிற வேலைன்னா, செத்துப்போனவங்க மேசையை அவங்களைக் கேட்காமல் ஒதுக்கி வைக்கிற வேலை. அலமாரியைச் சுத்தம் பண்றேன்னு கிளம்பி வீட்டில் திட்டு வாங்கின எல்லாருக்கும் நான் சொல்லப்போறது புரியும். மயிலாப்பூரில் ஒரு லைப்ரரியில் நான் அட்டெண்டர். படிச்சது ஏழாங்கிளாஸ், தூசி தட்டறது பெரிய பெரிய படிப்பை.

கதவில் ஆணி அடித்தவர்

போன வருஷம் மந்தைவெளியிலிருந்து ஒன்பது டிரங்குப் பெட்டி வந்து இறங்கியது. காலமான ஒரு சரித்திரப் புரொபசருடைய காகிதங்கள். என்ன சரித்திரம்னு லைப்ரரியன் மேடத்தைக் கேட்டேன். ஐந்நூறு வருஷம் முன்னாடி ஜெர்மனியில் ஒரு சாமியார், போப்பாண்டவர் ஆளுங்க பண்றது சரியில்லைன்னு கேள்வியா எழுதி, சர்ச் கதவில் ஆணி அடிச்சு மாட்டினாராம். அதிலிருந்து கிறிஸ்தவ மதமே பிரிஞ்சுபோச்சாம். புரொபசர் ஆயுசு பூரா அதைத்தான் எழுதினாராம். எனக்குக் கை பரபரன்னு ஆயிடுச்சு.

கூட வேலை பார்க்கிற செல்வி அசரவில்லை. தி.நகரில் ஒரு தையல் கடையில் வருஷக்கணக்கா பிளவுஸ் தைச்சவள், கடையை மூடினதும் எங்களிடம் வந்தாள். சொன்னாள்: "சாமி படம் மாட்ட ஒரு ஆணி அடிச்சதுக்கே ஹவுஸ் ஓனர் வூட்டைக் காலி பண்ணுன்னான், நைனா. இந்தாளு சர்ச்சு கதவுலயே அடிச்சிக்கீறாரு."

போப்பாண்டவரும் துவரம்பருப்பும்

புரொபசர் புதுக் காகிதத்தில் எழுதவே மாட்டார். கல்யாணப் பத்திரிகை, காலண்டர் தாள், கரண்ட் பில், எதன் முதுகு வெறுமையா இருந்தாலும் எழுதிடுவார். ஒரு தாளில் இந்தப் பக்கம் போப்பாண்டவர் விஷயம். திருப்பினால் துவரம்பருப்பு ஒரு கிலோ, பெருங்காயம் ஒரு டப்பா. இதை எந்தக் கட்டோடு சேர்க்கிறது? மேடமே முழிச்சாங்க.

அன்னிக்குப் புரொபசருடைய மனைவி வந்திருந்தாங்க. எண்பது வயசு மாமி. அந்தத் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துட்டுச் சொன்னாங்க: "இந்தப் பெருங்காயம் ஆத்துக்கு வந்து சேரவே இல்லை. நான் லிஸ்ட்டே குடுக்கலைன்னு சாதிச்சார் மனுஷர். பத்திரமா வையுங்கோ, இதான் சாட்சி."

நான் பண்ணின காரியம்

மாமி வந்தது பெருங்காயத்துக்கு இல்லை. புரொபசருடைய புஸ்தகம் கடைசி அத்தியாயம் கிடைக்காமல் அச்சாபீசில் நின்றுகொண்டிருந்தது. கண் தெரியும்போதே அதைக் கையில் வாங்கிடணும்னு அவங்களுக்குத் தவிப்பு.

ஆறாவது பெட்டியில் அது இருந்தது. எனக்குத் தலைகால் புரியலை. இருபத்திரண்டு தாள். ஒரு தாளின் அடியில் அடுத்த தாளின் தலையை வைத்துக் குண்டூசி குத்தி, வேட்டி மாதிரி நீளமா மடிச்சு வைத்திருந்தார். ஊசியெல்லாம் துரு. துரு காகிதத்தைத் தின்னும். அதனால் ஊசியை எடுத்தே ஆகணும். ஆனா தாளில் நம்பர் இல்லை, ஒரு ஊசியை எடுத்ததும் அந்த ரெண்டு தாளிலும் நம்பர் போட்டுட்டுத்தான் அடுத்த ஊசியைத் தொடணும். நான் இருந்த சந்தோஷத்தில் எல்லா ஊசியையும் பிடுங்கிட்டு, அப்புறம் பென்சில் தேடப் போனேன். அந்த நேரம் பார்த்து, நின்னுபோயிருந்த கரண்ட் வந்தது. ஃபேன் சுத்தினது. இருபத்திரண்டும் தரையில்.

கையெழுத்து கோழி கிளறினது. பாதி இங்கிலீஷ், பாதி ஜெர்மன். மேடம் ரெண்டு நாள் மல்லுக்கட்டியும் வரிசை பிடிபடலை. வெள்ளிக்கிழமைக்கு மேல் காத்திருக்க முடியாதுன்னு அச்சாபீஸ் சொல்லிட்டாங்க. மாமிக்கு நானே போன் பண்ணி ஒப்புக்கொண்டேன். மாமி சொன்னாங்க: "நம்பர் போடுங்கோன்னா, எல்லாம் என் தலைக்குள்ள இருக்கும்பார். இப்போ அந்தத் தலையை நான் எங்கேன்னு போய்த் தேடறது?"

எழுத்தைப் பார்க்காதவள்

வியாழக்கிழமை காலையில் செல்வி லீவு முடிஞ்சு வந்தாள். "இன்னா நைனா, இப்படி குந்திக்கினு கீற?" சொன்னேன். அவளுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. ஒரு தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிச்சாள். அடியில் ரெண்டு ஊசி ஓட்டை, நடுவில் சாய்வா ஒரு துருக்கோடு. இன்னொரு தாளின் தலையை அதன்மேல் வைத்தாள். சேரலை. வேறொன்று. சேரலை. ஐந்தாவது தாளில் ஓட்டைமேல் ஓட்டை, துருமேல் துரு, அச்சா உட்கார்ந்தது. "பிளவுஸ்ல கையையும் உடம்பையும் சேக்க சொல்ல இப்பிடித்தான் பாப்போம். எழுத்தை வுடு, நைனா, ஓட்டையைப் பாரு."

மத்தியானத்துக்குள் இருபத்திரண்டும் ரீடிங் ஹால் மேசையில் நீளமாப் படுத்துட்டது. மேடம் ஓரமா நடந்துகொண்டே படிச்சாங்க. போகப்போக நடை ஓட்டமா ஆயிடுச்சு. கடைசித் தாளில் நின்று, "சரியா இருக்கு"ன்னாங்க. சாயந்திரம் வந்த மாமி, ஒவ்வொரு தாளையும் தொட்டுக்கொண்டே அந்த மேசை நீளத்துக்கும் நடந்தாங்க. உனக்கு என்ன வேணும்னு செல்வியைக் கேட்டாங்க. அவள் சொன்னாள்: "புக்கு வந்தா ஒண்ணு குடு மாமி. படிக்கத் தெரியாது, தையல் எப்பிடிப் போட்டுக்கீறான்னு பாக்கணும்."

அப்புறம் தாளுக்கெல்லாம் பென்சிலில் நம்பர் போட்டு, அடுக்கி, அட்டை வைத்து, நான் இந்த ஜன்மத்தில் அவிழ்க்க முடியாதபடி நூலில் ஏழு முடிச்சு போட்டாள் செல்வி.