ஹபிபுல்லா பாய் திரும்ப வாங்கிய பேட்டரிகள்

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஹபிபுல்லாவின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் அடுக்கிக் கிடக்கும் பழைய பேட்டரிகளைப் பார்த்தே ஆட்கள் வந்துவிடுவார்கள். இருபத்தாறு வருஷமாக ஆசிட்டோடு புழங்கியவர். எந்தச் சட்டையை எடுத்தாலும் வயிற்றுப் பக்கம் பொடிப்பொடியாக ஓட்டை விழுந்திருக்கும். செத்த பேட்டரியைச் செத்தது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார், ஏமாற்றிச் சார்ஜ் போட்டு அனுப்ப மாட்டார் என்று ஆட்டோக்காரர்கள் மத்தியில் அவருக்கு ஒரு பேர் இருந்தது.

லித்தியத்துக்கு அவர் மாறியது நாலைந்து வருஷத்துக்கு முன்னால். அம்பத்தூர் எஸ்டேட்டில் செல் வாங்கி, கடையிலேயே கோத்து, பெட்டியில் அடைத்து ஆட்டோக்களுக்குப் போட ஆரம்பித்தார். ஆசிட் பேட்டரியில் பாதி எடைகூட இல்லை. உள்ளே உள்ளங்கை அளவு ஒரு போர்டு இருக்கும். கரண்ட் அளவுக்கு மிஞ்சிப் போனால் அந்த போர்டு கரண்டை நிறுத்திக் கதவைச் சாத்திவிடும். செல்களைக் காப்பாற்ற அப்படி ஓர் ஏற்பாடு.

அந்தச் சமயத்தில்தான் தேவிப்பிரியா வந்தாள். பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மீனவக் குப்பம். அவளுடைய அக்கா கவிப்பிரியா வாக்கப்பட்டது வெள்ளானூரில். அக்கா புருஷனின் ஆட்டோவில் ஹபிபுல்லா போட்டிருந்த பேட்டரியை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, இது போட் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுமா என்று கேட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவள் புருஷன் தசரதனுக்கு இடுப்பு எலும்பில் கோளாறு. போட்டிலேயே பேட்டரியை விட்டுவந்தால் திருட்டுப் போய்விடும். தினமும் கல்லாய்க் கனக்கும் அந்த ஆசிட் பேட்டரியை மணலில் சுமந்து வருகிறவர் வீட்டுக்கு வந்ததும் குப்புறப் படுத்துக்கொள்வாராம்.

ஹபிபுல்லா ஒரு பேட்டரியைக் கோத்து, தெரிந்தவரின் வேனில் மாட்டிச் செல்ஃப் அடித்துப் பார்த்தார். உடனே பிடித்தது. விடாமல் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தபோது, ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, போர்டு சாத்திக்கொண்டது. சார்ஜர் ஒயரை லேசாகத் தொட்டு வைத்ததும் மறுபடி உயிர் வந்தது. அதைவிடப் பெரிய போர்டு வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. சொல்லி வைத்தார். வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அதற்குள் தேவிப்பிரியா இரண்டு தரம் வந்துவிட்டாள். கடலில் யார் இத்தனை தடவை விடாமல் அடிக்கப் போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இருந்த போர்டையே போட்டுக் கொடுத்தார். நன்றாக ஓடியது. அவள் சொல்லி அதே குப்பத்திலிருந்து இன்னும் ஆறு பேர் வந்தார்கள். அவர்களுக்கும் அதே போர்டுதான்.

கார்த்திகை மாதத்தில் தசரதனின் போட் முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. கரைக்குத் திரும்பும்போது காற்று எழுந்து, அலை உடைகிற இடத்தில் இன்ஜின் நின்றுபோனது. கூட இருந்தவர் நீந்திக் கரையேறிவிட்டார். தசரதனின் உடல் மூன்றாம் நாள் வடக்கே கரை ஒதுங்கியது. அக்கா புருஷன் கடைக்கு வந்து இதைச் சொன்னபோது ஹபிபுல்லா வேறொன்றும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மத்தியானம் தேவிப்பிரியா வந்தாள். கையில் அரிசிச் சாக்கு. அதற்குள் பேட்டரி. கடலிலிருந்து இன்ஜினைத் தூக்கியபோது இதுவும் வந்ததாம். கல்லாவுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, நடந்ததை அவளே சொன்னாள். கூடப் போனவர் அவளிடம் சொல்லியிருக்கிறார். செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தாராம், பிடிப்பது போல் வந்து வந்து அணைந்ததாம், அப்புறம் சத்தமே வரவில்லையாம். கயிற்றைச் சுற்றி இழுக்கலாம் என்று இன்ஜின் மூடியைக் கழற்றும்போது அடுத்த அலை வந்துவிட்டதாம். கார்புரேட்டரில் தண்ணீர் புகுந்துவிட்டது என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள்.

"அவரு வேணாம்னுதான் சொன்னாரு பாய். பயகுன பழைய பேட்டரியே இருக்கட்டும்னாரு. நான்தான் புடிவாதமா வாங்கினு போயி குடுத்தேன்," என்றாள். சாக்கை அவர் பக்கம் தள்ளினாள். "இதனால இல்லையே பாய்? பாத்து சொல்லுங்க."

ஹபிபுல்லா பேட்டரியை உள்ளே எடுத்துப் போனார். பெட்டியைத் திறந்தார். அவர் பசை போட்டு மூடியது மூடியபடியே இருந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. செல்களில் மீட்டரை வைத்தார். நாலும் நிறைந்திருந்தன. வெளி முனையில் வைத்தார். பூஜ்யம். சார்ஜர் ஒயரை ஒரு முறை தொட்டார். முள் சட்டென்று ஏறி நின்றது.

அத்தனை நாளும் அது நிறைந்தேதான் கிடந்திருக்கிறது. அந்த மனுஷன் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தபோதும் நிறைந்துதான் இருந்தது.

ஹபிபுல்லா சுவரில் சாய்ந்து நின்றார். வெளியே போய்ச் சொல்லிவிட வேண்டும், தலையை அவள் முன்னால் குனிந்துவிட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் சொன்னால் அது அவரோடு நிற்காது. வேண்டாம் என்றவர் கையில் திணித்தது தான்தானே என்று அவள் உடைந்துபோய்விடுவாள். அதை அவள் ஸ்டூலில் உட்கார்ந்தபோதே அவர் பார்த்துவிட்டார்.

பெட்டியை மூடிக் கொண்டுவந்து அவள் எதிரிலேயே மீட்டரை வைத்துக் காட்டினார்.

"பேட்டரி நல்லாத்தாம்மா கீது. இதனால இல்ல."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, நல்லா இருக்கிறது என்றால் தன் தம்பி அவன் போட்டில் மாட்டிக்கொள்ளட்டும் என்று கையை நீட்டினாள். ஹபிபுல்லா தரவில்லை. கடலில் கிடந்த பொருள், நம்ப முடியாது, இருக்கட்டும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார். அவள் நம்பிவிட்டாள்.

நூம்பலில் வீட்டுக்குப் போய் மனைவி ஃபக்ருன்னிசாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "மீதி ஆறு பேரு தினம் கடலுக்குப் போறாங்களே," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஆறு ஆசிட் பேட்டரிகளைக் குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போனார். லித்தியத்தில் ஒரு பழுது தெரிந்திருக்கிறது, சும்மாவே மாற்றித் தருகிறேன் என்று வீடு வீடாகக் கேட்டார். முணுமுணுத்துக்கொண்டே ஐந்து பேர் கொடுத்தார்கள். ஆறாவது ஆள் மோகன். தசரதனுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர். அவர் பேட்டரியை விடவில்லை. ஒரு குறையும் இல்லாத பொருளை எதற்குத் திரும்ப எடுக்கிறீர்கள், இந்தக் கல்லை எவன் சுமப்பான் என்றார். ஹபிபுல்லா கெஞ்சினார். இன்னொரு தடவை போனார். அப்போதும் நடக்கவில்லை. காற்று மறுபடி எழும்பப்போவதாக அறிவிப்பு வந்த அன்று மூன்றாவது தடவையாகப் போனார். மோகன் போட்டைத் தள்ளுவதற்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஹபிபுல்லா மணலில் நின்றபடி சொன்னார்.

"தசரதன் போட்டுல நின்னது இந்த பேட்டரிதாங்க. நான் பொய் சொன்னேன். அந்தப் பொண்ணுக்குத் தெரிய வேணாம்."

மோகன் போட்டுக்குள் ஏறினார். ஒயரைக் கழற்றிப் பேட்டரியை அவர் காலடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று ஹபிபுல்லாவுக்கு இருந்தது.

குப்பத்தில் எந்த வார்த்தையும் நாலு வீட்டைத் தாண்டாமல் நிற்காது. இரண்டாம் நாள் கடையில் ஒரு லாரிக்காரர் காத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"மோகன் அண்ணன் சொன்னது நெசமா பாய்?" தேவிப்பிரியாவின் குரல் தணிந்திருந்தது.

"நெசந்தாம்மா. தப்பு என்னுது. போர்டு சின்னதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன்."

"அன்னிக்கு நீங்க இல்லன்னு சொன்னப்புறந்தான் பாய் நான் தூங்குனேன்," என்றாள். "பதினோரு நாளு தூங்குனேன்."

வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் அவள் குப்பத்தில் இருக்கவில்லை. கடல் சத்தம் கேட்டால் முடியவில்லை என்று வெள்ளானூருக்கு அக்கா வீட்டோடு வந்துவிட்டாள். அக்கா புருஷன் தன் ஆட்டோவிலிருந்த பேட்டரியைக் கழற்றிக் கடை வாசலில் வைத்துவிட்டுப் போனார். மற்ற ஆட்டோக்காரர்களும் மெல்ல மெல்ல வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். ஹபிபுல்லா மீதிச் செல்களை அம்பத்தூருக்கே திருப்பி அனுப்பினார்.

பத்து நாள் தன்னோடு போராடிப் பார்த்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளானூருக்குப் போனார். அவள் என்ன கேட்டாலும் கேட்கட்டும், போலீசுக்குப் போ என்று தானே சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனார். கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது கவிப்பிரியா. வீட்டுக்குள் டிவி ஓடவில்லை, பேச்சுச் சத்தம் இல்லை. தங்கை யாரையும் பார்ப்பதில்லை, சோறும் சரியாக இறங்குவதில்லை என்றாள்.

"உங்க மேல அவளுக்குக் கோவம் இல்ல பாய். நான்தான் வாங்கினு போனேன், நான்தான் குடுத்தேன்னு அதையே சொல்லிகினு கீறா."

தப்பு தன்னுடையதுதான் என்று அவளிடம் சொல்லும்படி ஹபிபுல்லா கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் சொல்லிட்டேன். காதுல வாங்க மாட்டேங்குறா," என்றாள் கவிப்பிரியா. "நீங்க இனிமே வர வேணாம் பாய். உங்களைப் பாத்தா இன்னும் ஜாஸ்தி ஆவும்."

கேட்டின் கொண்டியைப் போட்டுவிட்டு அவள் உள்ளே போனாள். ஹபிபுல்லா வண்டியைக் கிளப்பாமல், வீட்டைத் தாண்டும்வரை தள்ளிக்கொண்டே நடந்தார். தெருமுனையில் நிறுத்தி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஆவடி வழியாக வீடு திரும்பினார். மறுநாள் திங்கட்கிழமை. எட்டரைக்குக் கடையைத் திறந்தார். மத்தியானம் வரைக்கும் யாரும் வரவில்லை.