மூக்குமேல் ஒரு முடிச்சு

முனிலட்சுமிக்குக் கோபம் வந்தால் மத்திகிரியில் எங்கள் வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் கேட்கும். நான் அடுத்த வீடு. என் கோபமும் லேசுப்பட்டதில்லை. எண்பத்தாறில் அவள் புருஷன் திம்மராயனை, ஏதோ ஒரு அளவு தப்பியதற்காக, ஃபோர்மேன் லேத் பக்கத்திலேயே வைத்துக் கன்னத்தில் அறைந்தார். கண்ணாடி தெறித்து விழுந்து, மூக்கின்மேல் உட்காரும் கம்பி இரண்டாகிவிட்டது. திம்மராயனோ பஸ் நெரிசலில் உடைந்தது என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கூட வேலை செய்யும் ராமப்பன் சொல்லித்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

முனிலட்சுமி ரேடியோ கம்பெனியில் நாளெல்லாம் ஈயம் வைப்பவள். இதென்ன பெரிய வேலை என்று சால்டரிங் அயர்னைச் சூடாக்கி ஒட்டிக் கொடுத்தாள். அந்த வாரமே ஒட்டு விட்டுப்போயிற்று. விசாரித்தால், ஃபோர்மேன் பக்கத்தில் வரும்போதெல்லாம் திம்மராயன் கண்ணாடியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறானாம்.

“அடி வாங்கறதுக்கு வாகா கழட்டி வெச்சிக்கிறியாய்யா?” என்றாள்.

கண்ணாடி இல்லாவிட்டால் அளவு தெரியாது, மறுபடியும் தப்பும், மறுபடியும் அறை விழும். இதுகூடவா புரியாது ஒரு மனுஷனுக்கு? எனக்கே நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு, ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கண்ணாடி ரிப்பேர் செய்யும் நூருல்லாவிடம் போனாள். அவர் ஒட்டைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். இதற்கு வெள்ளியைத் தீயில் உருக்கி ஒட்டும் வெள்ளிப் பற்றுதான் நிற்கும், ஆனால் ஈயம் துளி மிச்சமிருந்தாலும் வெள்ளி பிடிக்காது, சூட்டில் கம்பியையே அரித்துவிடும் என்றார். தானே செய்து தருவதாகவும் சொன்னார். தன் ஒட்டு தோற்ற ஆத்திரம் இவளுக்கு. நீங்கள் சொல்லுங்கள் பாய், நான் வைக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

உதவாத பழைய ஃப்ரேம்களில் பழகினாள். அயர்ன் பிடித்தே பழகிய கை ஊதுகுழல் தீயையும் ஒரே இடத்தில் நிறுத்தியது. கம்பியே உருகி விழுந்தது. தீயைத் திட்டினாள், நூருல்லாவைத் திட்டினாள், ஃபோர்மேனின் பரம்பரையையே திட்டினாள். சில ஞாயிறுகள் இப்படியே போயின. அதுவரை திம்மராயன் கண்ணாடியை நூல் சுற்றி மாட்டிக்கொண்டு போனான். கடைசியில் ஒரு நாள் ஈயத்தைச் சுத்தமாக ராவி, லென்ஸைக் கழற்றி வைத்து, வெள்ளி ஓடுவதற்கு வெங்காரம் தடவி, தீயை அசைத்து அசைத்துக் காட்டினாள். வெள்ளி பளிச்சென்று ஓடி இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டது.

ஒட்டிய இடத்தில் கரடுமுரடாகத் திரண்டு நின்ற முடிச்சை ராவி மழமழவென்று ஆக்க நூருல்லா அரத்தை எடுத்தார். அவள் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டாள். உடைத்தவன் கண்ணில் படட்டும் என்றாள்.

திங்கட்கிழமையும் ஃபோர்மேனைக் கண்டு திம்மராயன் கண்ணாடியைக் கழற்றினான் என்று ராமப்பன் வந்து சொன்னான். அவ்வளவுதான். மறுநாள் ஷிஃப்ட் விடும் நேரத்துக்கு அவன் கம்பெனி கேட்டில் போய் நின்றோம். திம்மராயன் வெளியே வந்தான். பின்னாலேயே ஃபோர்மேன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். இவன் கை தானாகக் கண்ணாடிக்குப் போனது.

“கழட்டாத,” என்றாள் முனிலட்சுமி. பிறகு ஃபோர்மேனைப் பார்த்து, கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: “அவரு மூக்குமேல இருக்கிற முடிச்சு நான் வெச்சது சார். ஒடச்சது நீங்க. இனிமே அது ஒடையாது. அடிச்சா உங்க கையத்தான் கிழிக்கும்.”

ஃபோர்மேன் வேறு எங்கோ பார்த்தபடி ஸ்கூட்டரை உதைத்தார். அது உடனே கிளம்பவும் இல்லை. அவர் உதைத்து முடிக்கும்வரை திம்மராயன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான், கண்ணாடியோடு.